பத்து வயது வரைக்கும்

ஜூலை 9, ஞாயிறு

இந்த டைரி மில் முதலாளி வருடப் பிறப்பன்று கொடுத்தது. ஆறு மாதமாக, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைத் தவிர இதில் எதுவும் ஏறவில்லை. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் வந்திருக்கிறது.

காலையில் ஓசூரிலிருந்து ஈஸ்வரமூர்த்தி போன் செய்தான். என் சகலை. என் மனைவி சாந்தாமணியின் தங்கை கோகிலாவைக் கட்டியவன். கோகிலா இறந்து இரண்டேகால் வருடம் ஆகிறது. பிரசவமாகி மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்தக் குழந்தை அன்றிலிருந்து எங்களிடம்தான் வளர்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கோ ஷிப்டு வேலை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன செய்வான்? போன மாதம் அவனுக்கு மறுமணம் ஆயிற்று. பெண் பார்த்ததே நான்தான். நாலு இடத்தை நொட்டை சொல்லித் தள்ளிவிட்டு, பிரமிளா என்ற இந்தப் பெண்தான் சரி என்று சொன்னதும் நான்தான்.

"அண்ணா, ஆவணி பொறந்ததும் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தரலாம்னு இருக்கறமுங்க. பிரமிளாவும் அதையேதான் சொல்லுது" என்றான்.

"அதுக்கென்ன, தாராளமாக் கூட்டிட்டுப் போ. உன்ற புள்ளைதான" என்றேன்.

சாந்தாமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். "ஆவணி ஒண்ணு எப்பங்க?" என்று மட்டும் கேட்டாள். காலண்டரைப் பார்த்து ஆகஸ்ட் பதினெட்டு என்றேன். களைந்து முடித்த அரிசியில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் களைந்தாள். அதற்கப்புறம் இன்னொரு தடவை. சோறு சப்பென்று இருந்தது.

எனக்கு இதில் ஒன்றுமில்லை. பெற்றவன் கேட்கிறான், கொடுக்கிறோம்.

ஜூலை 11, செவ்வாய்

சாந்தாமணிக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. தவிடு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்ததும் வீட்டில் கெட்டது நடந்துவிட்டால், அந்தக் கெடுதல் குழந்தையைத் தொடராமல் இருக்க, வேறொரு வீட்டார் தவிடு கொடுத்துக் குழந்தையை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். கோகிலாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று பெரியவர்கள் இதைச் சொன்னார்கள். நான் காங்கயத்தில் அரிசி மில்லில் வேலை பார்ப்பவன், தவிட்டுக்கா பஞ்சம்? ஒரு படி கொண்டுபோய் ஈஸ்வரமூர்த்தி விரித்த துண்டில் கொட்டினேன். "வாங்கிக்கிட்டனுங்க" என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னைக்குத் தவிடு விக்கற வெலைக்கு எனக்கு நட்டம்தான்" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். குழந்தையைத் தூக்கிச் சாந்தாமணி மடியில் போட்டார்கள்.

பதிவில் அவள் பெயர் மிருதுளா. வீட்டில் தவிட்டம்மா.

"வித்ததுன்னா வித்ததுதானுங்களே? திருப்பிக் கேட்டா எப்படீங்க?" என்கிறாள் சாந்தாமணி.

"அது ஒரு சாங்கியம் புள்ளை."

"சாங்கியம்னா பொய்யிங்களா?"

மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

மில் வேலையாகத் தாலுகா ஆபீஸ் பக்கம் போனேன். போன இடத்தில், பத்திரம் எழுதும் நாச்சிமுத்து அண்ணனிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். யாருக்கோ கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"தத்துப் பத்திரம் பதிஞ்சிருக்காங்களா?" என்றார்.

"இல்லீங்க. குடும்பத்துக்குள்ள எதுக்குங்க பத்திரம்னு விட்டுட்டாங்க."

"தவிட்டுக்கு வாங்குனதைக் கோர்ட்டுல போய்ச் சொன்னா சிரிப்பாங்க சென்னியப்பா" என்றார். யாருக்கோ என்றுதான் கேட்டேன், அவர் என் பேரைச் சொல்லியே பதில் சொல்கிறார்.

ரசீதில் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டை நெல்லை மில்லுக்குள் இறக்க விடமாட்டேன் நான். முதலாளி இதற்காகவே என்னைப் பாராட்டுவார். ஒரு உயிருள்ள பிள்ளையை வாங்கும்போது அந்தப் புத்தி எங்கே போயிற்றோ. கேட்டிருந்தால் ஈஸ்வரமூர்த்தி அன்றைக்கு எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பான். அவன் இருந்த நிலை அப்படி. அதனால்தான் கேட்கவில்லை என்றும் நினைக்கிறேன்.

சாந்தாமணியிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இன்றைக்கு மூன்று லாரி நெல்.

நெல் கொள்முதல் என் வேலை. லாரி வந்து நின்றதும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பேன். ஈரம், கருக்காய், பழுப்பு என்று எதையாவது சொல்லாமல் விலை இறங்காது. உண்மையிலேயே நல்ல நெல்லாக இருந்தால், சாக்கு ஓட்டை என்றாவது சொல்லுவேன். இருபத்திரண்டு வருடமாக நொட்டை சொல்லியே சம்பளம் வாங்குகிறேன்.

அந்தக் கண்ணால் இன்று தவிட்டம்மாவைப் பார்த்தேன். மூக்கு சதா ஒழுகுகிறது. கோபம் வந்தால் கடிக்கிறாள். நகம் வெட்டப் போனால் கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்கிறாள், கால் மட்டும் வெளியே தெரியும், அது அவளுக்குத் தெரியாது. சோறு உள்ளே போக வேண்டுமென்றால், எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கன்றுக்குட்டி வைக்கோல் தின்றால் இவளும் வாயைத் திறப்பாள். மிக்ஸி போட்டால் அலறுவாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. எடை குறைவு.

மொத்தத்தில் சுமாரான சரக்கு. போனால் நிம்மதி என்றுதான் நினைக்க வேண்டும்.

ஜூலை 23, ஞாயிறு

திருப்பூர் போய் வந்தோம். ஆடித் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், பாப்பாவுக்குத் துணி எடுக்க வேண்டும் என்று சாந்தாமணி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காதர்பேட்டை எனக்குப் பிடித்த இடம். வெளிநாட்டுக்குத் தைத்து, ஏதோ ஒரு சின்னக் குறையால் கப்பலேறாமல் நின்றுபோன துணியெல்லாம் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். ஒன்றில் தையல் விட்டிருக்கும், ஒன்றில் பட்டன் மாறியிருக்கும், ஒன்றில் கழுத்து கோணியிருக்கும். ஒவ்வொன்றிலும் குறை ஏற்கெனவே இருக்கிறது, நான் கண்டுபிடித்தால் போதும். என்னை மாதிரி ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பஸ்ஸில் ஏறிக் கால் மணி நேரத்தில் தவிட்டம்மா என் வேட்டியில் வாந்தி எடுத்தாள். அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்தால் சரியாகும், இன்றைக்கு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டோம். பழைய பஸ் ஸ்டாண்டு குழாயடியில் வேட்டியை அலசிக் கட்டிக்கொண்டேன். ஈர வேட்டியோடு பேரம் பேசினால் கடைக்காரன் இரக்கப்படுவான் என்று சொன்னேன். சாந்தாமணி சிரித்தாள். இந்த இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாவதாக நுழைந்த கடையில்தான் உட்கார்ந்தோம். தரையில் குழந்தைத் துணி மலைபோலக் கிடந்தது. தவிட்டம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு துணியாக எடுத்து நீட்டினாள். ஒரு அம்மாள் அவள் நீட்டியதையே வாங்கிக்கொண்டும் போனார்.

"பாப்பாவைக் கடைக்கே உட்டுட்டுப் போயிருங்க, ஏவாரம் ஆகுது" என்றான் கடைக்காரன். வயது முப்பதுக்குள் இருக்கும், வாயாடி. அப்புறம் சாந்தாமணியைப் பார்த்து, "அச்சு அசல் அம்மா மொகமேதானுங்க" என்றான்.

சாந்தாமணி மறுக்கவில்லை. பெரியம்மா முகம் இருப்பதில் ஆச்சரியம் என்ன. துணியைப் புரட்டிக்கொண்டே "ஆமாங்க, எல்லாரும் அதேதான் சொல்லுவாங்க" என்றாள். எல்லாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நான் என் வேலையைத் தொடங்கினேன். இந்தச் சட்டையில் அக்குள் பிரிந்திருக்கிறது, இதில் சாயம் திட்டுத் திட்டாக இருக்கிறது, இந்தப் பூ ஒரு இதழ் இல்லாமல் இருக்கிறது. பாதி விலைக்குக் கேட்டேன். "ஏனுங்க, இதழைக்கூட எண்ணுவீங்களா?" என்றான். "எண்ணிப் பாத்துத்தான வெளிநாட்டுக்காரனே வேண்டாம்னுட்டான்" என்றேன். அவனே சிரித்துவிட்டான். எனக்கு நல்ல உற்சாகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இடையில் தவிட்டம்மா துணிமேலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். நனைந்த மூன்று துணியையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சாந்தாமணி சொல்லிவிட்டாள். அதில் ஒன்று ஆண்பிள்ளை டிராயர். இருக்கட்டும் என்றாள்.

பில் போடும் நேரத்தில்தான் அவள் எடுத்துவைத்த குவியலைப் பார்த்தேன். வளர்கிற பிள்ளைக்கு ஒரு அளவு பெரிதாக எடுப்பது எல்லாரும் செய்வதுதான். எங்கள் அம்மா எனக்கு எடுத்த சட்டையெல்லாம் முழங்கால் வரைக்கும் தொங்கும். ஆனால் இது அப்படி இல்லை. மூன்று வயது, நாலு வயது என்று அளவுச்சீட்டு வரிசையாக ஏறிக்கொண்டே போயிற்று. ஆறு. எட்டு. கடைசியில் பத்து வயதுக்கு ஊதா நிறத்தில் ஒரு கவுன். இடுப்பில் ஒரு குஞ்சம் இல்லை, அவ்வளவுதான் குறை.

"இது எதுக்கு இப்ப?" என்றேன்.

"மலிவாக் கெடைக்கறப்ப எடுத்து வெச்சுக்கோணுமுங்க."

"பத்து வயசுக்கா?"

அவள் அந்தக் கவுனைத் தவிட்டம்மாவின் தோளில் வைத்துப் பார்த்தாள். அது தரையில் கிடந்து புரண்டது. பாப்பா அதற்குள் புகுந்துகொண்டு சிரித்தாள். பிறகு சாந்தாமணி கவுனை எடுத்து, தோள்பட்டை இரண்டையும் பிடித்து, தன் மார்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினாள். பத்து வயதில் அந்த உயரம்தான் இருக்கும். கழுத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போய்வந்தது.

"அது என்ன வெலையோ போட்டுக்கப்பா" என்று கடைக்காரனிடம் சொன்னேன்.

திரும்பும்போது ஓட்டலில் சாப்பிட்டோம். தவிட்டம்மா தன் இட்லியை எடுத்துப் பக்கத்து இலைக்காரர் இலையில் வைத்தாள். அவர் நல்ல மனுஷர், அதைச் சாப்பிட்டும் காட்டினார். இந்தத் தடவை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம், வாந்தி எடுக்கவில்லை. என் தோளிலேயே தூங்கினாள். எடை குறைவு என்று எழுதியிருந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் தோள் கழன்றுவிட்டது.

ஜூலை 30, ஞாயிறு

திருப்பூர் துணியெல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, வயது வாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள். விட்ட தையலையெல்லாம் அவளே போட்டுவிட்டாள். குஞ்சமும் செய்து தைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, சனி

தலைவலி. மில்லுக்குப் போகவில்லை. மத்தியானம் முழுக்கத் தவிட்டம்மா என் வயிற்றின்மேல் உட்கார்ந்து பஸ் ஓட்டினாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பிரமிளாவின் போட்டோவைக் காட்டி "அம்மா" என்று சொல்லப் பழக்கு என்று சாந்தாமணியிடம் ஒரு வாரமாகச் சொல்கிறேன். செய்யமாட்டேன் என்கிறாள். பெரியம்மா என்று எவ்வளவோ சொல்லிக் கொடுத்தும் பாப்பா அவளைத்தான் "ம்மா" என்கிறாள். போகிற இடத்தில் பிள்ளை தடுமாறக் கூடாது அல்லவா? நானே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இது யாரு? அம்மா."

"ம்மா" என்றாள், போட்டோவில் விரலை வைத்து. கெட்டிக்காரி. அடுத்த நிமிடம் சமையலறையைக் காட்டி, "ம்மா" என்றாள். அப்புறம் என்னைக் காட்டியும் அதையே சொன்னாள். இதற்குமேல் பழக்க எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

நாளைக்கு வருகிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. இங்கே எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் நொட்டை சொன்னது விலையைக் குறைக்க. ஆனால் சில சமயம், குறையைக் கேட்டுக் கேட்டு எதிராளியே "வேண்டாமப்பா இந்தச் சரக்கு" என்று எழுந்து போய்விடுவதும் உண்டு. பிரமிளா பிள்ளை வளர்த்து அறியாதவள். முப்பத்து நாலு வயது வரை ஜாதகம் தட்டிப்போய் இப்போதுதான் கல்யாணமாகியிருக்கிறது. புதுக் குடித்தனம். பாப்பாவின் குறையையெல்லாம் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னால் பயந்துவிடுவாள். "இன்னும் ஒரு வருசம் அக்காகிட்டயே இருக்கட்டும்" என்று அவள் வாயாலேயே வந்துவிடும்.

எனக்கு ஒன்றுமில்லை என்று முதலில் எழுதியிருக்கிறேன். அது பொய்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி பாப்பாவைத் தூக்கப் போனான், அவள் என் கால் சந்தில் ஒளிந்துகொண்டாள். அவன் முகம் வாடிவிட்டது. பிரமிளா தூக்கப் போகவில்லை. ஓரமாகப் பாயில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து வெளியே வைத்தாள். சீப்பு, சாவிக்கொத்து, சேஃப்டி பின் டப்பா. ஐந்து நிமிடத்தில் தவிட்டம்மா போய் அந்தப் பைக்குள் தலையை விட்டுவிட்டாள். நான் சரியாகத்தான் பெண் பார்த்திருக்கிறேன் என்று வயிறெரிந்தது.

காப்பி குடித்தானதும் ஆரம்பித்தேன்.

"எல்லாத்தையும் சொல்லிப்போடறது நல்லது பாரு அம்மிணி. புள்ளை லேசுப்பட்டதில்லை. கடிக்கும்."

"கடிச்சா என்ன செய்வீங்கண்ணா?"

"என்ன செய்யறது? அடிச்சா இன்னும் கடிக்கும். காதுல ஊதோணும். கூச்சத்துல உட்டுரும்."

அவள் போனை எடுத்து ஏதோ தட்டினாள்.

"சோறு திங்காது. மாடு, கன்னு, ஏதாச்சும் தின்னுட்டு இருக்கறதக் காட்டினாத்தான் வாயத் தொறக்கும்."

"எங்க தெருவுல மாடு இல்லீங்களே" என்றாள். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஆனால் அவள், "மாடி வீட்ல கிளி வளக்கறாங்க, அது ஆகுங்களா?" என்று கேட்டாள்.

ஆகும் என்றுதான் நினைக்கிறேன் என்று நானே சொல்லித் தொலைத்தேன். மிக்ஸிச் சத்தத்துக்கு அலறும் என்றேன். பாப்பாவே சுவிட்சைப் போட்டால் அலறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பஸ்ஸில் வாந்தி எடுக்கும், எலுமிச்சம்பழம். நகம் வெட்ட விடாது, ஒளிந்துகொண்ட பிறகு வெளியே தெரியும் கால் நகத்தை முதலில் வெட்டிவிட வேண்டும். பல் முளைத்தால் காய்ச்சல். சளி பிடித்தால் மார்பில் விசில் கேட்கும். வெந்நீர் என்றால் ஆகாது, சொம்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டால் ஊற்றிக்கொள்வாள்.

வாய் நிற்கவே இல்லை. ஒவ்வொரு குறைக்கும் அவள் "அப்ப என்னங்கண்ணா செய்வீங்க?" என்று கேட்கிறாள். கேட்டதும் எனக்குப் பதில் வந்துவிடுகிறது. இரண்டேகால் வருடம் வளர்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். சாந்தாமணி சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் போலும் என்று நினைத்தேன்.

கடைசியில் பிரமிளா போனை மூடி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு விவரமா யாருங்கண்ணா சொல்லுவாங்க? எனக்குப் பயமாவே இருந்துச்சுங்க, ஒண்ணும் தெரியாம எப்படி வளக்கறதுன்னு. இப்பத் தைரியம் வந்திருச்சு" என்றாள்.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

கிளம்பும்போது சாந்தாமணி துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். பிரமிளா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எட்டு வயதுச் சட்டைக்கு வந்ததும் அவள் கை நின்றது. கீழே இருந்த கவுனையும் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்பாள், ஓசூரில் வாங்கிக்கொள்கிறோம் என்பாள் என்று பார்த்தேன். "எல்லாத்தையும் எடுத்துக்கறனுங்க அக்கா. ஒண்ணையும் வீணாக்க மாட்டேன்" என்று மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்கினாள். நல்லவள்தான். ஒன்றையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தவிட்டம்மா ஊர்வலம் போகிற சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்தாள். நாங்களும் பின்னால் ஏறுவோம் என்று நினைத்திருக்கிறாள். கதவு சாத்தியதும் கண்ணாடியைத் தட்டினாள். "வா, ப்பா, வா" என்றாள்.

பெரியப்பா என்று முழுதாக வராது அவளுக்கு. ப்பா என்றுதான் வரும்.

ஆகஸ்ட் 21, திங்கள்

மில்லுக்குப் போனேன். இரண்டு லாரி.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கடித்துப் பார்க்காமலே ஒரு லாரி நெல்லை இறக்கச் சொல்லிவிட்டேன். முதலாளி கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

சாந்தாமணி நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், தட்டைக் கழுவுகிறாள், படுத்துக்கொள்கிறாள். இன்று சாயங்காலம் நானே, "ஏன் இப்படி இருக்கற? எனக்கு மட்டும் சங்கடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கென்னங்க சங்கடம்? ஒக்காந்து ஒண்ணொண்ணாப் பாடம் எடுத்தீங்களே."

"அவ பயந்துக்குவான்னுதான் சொன்னேன்."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் என் யோசனையைச் சொன்னேன். நொட்டை சொல்லிச் சரக்கைக் கெடுக்கப் பார்த்ததைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலீங்க. அவ சமையக்கட்டுக்கு வந்து கேட்டப்பவும் சொல்லல. ஒண்ணும் தெரியாமக் கூட்டிட்டுப் போகட்டும், நாலு நாள் புள்ளை கத்துனா அவங்களே கொண்டாந்து உட்டுருவாங்கன்னு இருந்தேன். நீங்க எல்லாத்தையும் சொல்லிப் போட்டீங்க."

அவள் பேசாமல் நின்றதைப் பெருந்தன்மை என்றும் துக்கம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவளுடைய பேரம். இருபத்திரண்டு வருடம் வியாபாரம் செய்தவன் நான், வாய் திறக்காமல் இருப்பதுதான் பெரிய பேரம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இருவரும் ஒன்றையேதான் விரும்பினோம். ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணிக்கு ஓசூரிலிருந்து போன். பிரமிளா. பின்னால் தவிட்டம்மாவின் அழுகை. ஒரு வாரம் கழித்து அவள் குரலைக் கேட்கிறேன், அதுவும் இப்படி.

"அண்ணா, நீங்க சொன்னது எல்லாம் சரியா நடக்குதுங்க. கிளியைக் காட்டினா நல்லாத் திங்கறா. தூக்கந்தானுங்க வரமாட்டேங்குது. அழுது அழுது களைச்சுத்தான் கண்ண மூடறா. படுத்ததும் என் கையப் புடிச்சு எதையோ தேடறாளுங்க. கை முழுக்கத் தடவறா, கெடைக்கலைன்னதும் வீல்னு கத்தறா. நீங்க சொன்னதுல அது இல்லீங்க. அக்காவைக் கொஞ்சம் கேளுங்களேன்."

எனக்குத் தெரியாது. நான் வெளி அறையில் கட்டிலில் படுப்பவன். பாப்பா உள்ளே சாந்தாமணியோடு படுப்பாள்.

சாந்தாமணி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டினேன். வாங்கவில்லை. காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று அவள் முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அழுகை வீடு முழுக்கக் கேட்டது. அப்போது எனக்கு வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சொல்லாதே, சாந்தாமணி. இந்த ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. இன்னும் பத்து நாள் பொறுத்தால் அவர்களே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன். குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டேதான் நினைத்தேன்.

"அக்கா, இருக்கீங்களா?" என்றாள் பிரமிளா. அவளும் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

தவிட்டம்மாவின் அழுகை இருமலாக மாறியது. மூச்சு முட்டுகிற இருமல். சாந்தாமணி அவரைக்காயைத் தட்டில் போட்டுவிட்டு என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"முழங்கையுங்க, பிரமிளா. வலது முழங்கை. மடக்காம நீட்டி அவ கையில குடுங்க. அந்தச் சுருக்கத்தோலத் திருகிக்கிட்டேதான் தூங்குவா. நகம் படும். இழுத்துராதீங்க, இழுத்தாப் பயந்துக்குவா."

வளையல் சத்தம் கேட்டது. பாய் நகர்ந்தது. அழுகை ஒரு தடவை பெரிதாகி, அப்புறம் தேம்பலாயிற்று. பிறகு தேம்பலுக்குத் தேம்பல் இடைவெளி விட்டது. நாங்கள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒன்றும் கேட்கவில்லை.

"தூங்கிட்டாளுங்க அக்கா" என்று பிரமிளா கிசுகிசுத்தாள்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குதுங்க."

"பழகிரும்" என்று சொல்லிவிட்டுச் சாந்தாமணி போனை அணைத்து என்னிடம் கொடுத்தாள். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு அவரைக்காயைக் கையில் எடுத்தாள். நார் எடுக்கவில்லை.

"இனி அவ நம்மளத் தேடமாட்டாளுங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.